கோதிக் எழுத்தில் ஒரு கதவு

என் தம்பிக்கு எழுத்துப் பித்து. ஐரோப்பாவின் பழைய கோதிக் புத்தகங்களில் வருமே, கறுப்பும் கனமுமாக, வளைவையெல்லாம் உடைத்து முனை முனையாக நிற்கிற எழுத்து, அதைப் பார்த்துப் பார்த்து நம் தமிழ் எழுத்தையும் பட்டை நிப்பால் அப்படியே வரைந்து தள்ளுவான். ஒவ்வொரு எழுத்தின் காலிலும் ஒரு முள். அதனால் வீட்டில் அவனுக்குப் பெயரே முள்ளு என்றாகிவிட்டது.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வணிக வளாகத்தின் நிலத்தடித் தளத்தை வாடகைக்கு எடுத்து, டிக்கெட் போட்டு ஜனங்களைப் பயமுறுத்தும் பேய் வீடு அமைத்தபோது, போஸ்டர் முதல் உள்ளே தொங்கும் பலகைகள் வரை அவன் கையில் கொடுத்தோம். பொய் சொல்லக்கூடாது, பிரமாதமாகச் செய்திருந்தான். 'திரும்பிப் பார்க்காதே' என்று எழுதிக் காட்டினபோது எனக்கே முதுகு சில்லிட்டது.

சண்டை வந்தது கடைசிக் கதவில்தான்.

"மச்சான், வெளிய போற கதவுக்கு மட்டும் சாதாரண பச்சை போர்டு வச்சிடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஐயோ மாமா! இவ்வளவு தூரம் பயமுறுத்திட்டு கடைசில ஆஸ்பத்திரி போர்டா? வச்ச பயமெல்லாம் வீணாப் போயிடும்."

"ஜனங்க படிக்கணுமேடா."

"படிப்பாங்க. அக்காவே டெஸ்ட் பண்ணட்டும்."

நானும் விட்டேனா? 'வெளியே செல்லும் வழி' என்று அவன் எழுதிக்கொண்டு வந்ததையெல்லாம் நண்டு ஊர்கிறது, கம்பி வேலி நிற்கிறது என்று திருப்பி அனுப்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வரைந்தான். கடைசியில் ஹாலின் அந்தக் கோடியிலிருந்தே பளிச்சென்று படிக்க முடிந்தது. மேலே சிவப்பு விளக்கும் போட்டு மாட்டிவிட்டான்.

திறப்பதற்கு முந்தைய நாள் வீட்டு ஆட்களுக்கு மட்டும் ஒத்திகை. என் மாமியார் தன் இரண்டு தங்கைகளோடு வந்து நின்றார். அவருக்கு வீசிங் உண்டு, வந்தால் மூச்சில் விசில் அடிக்கும். வேண்டாம் அத்தை என்று கெஞ்சினேன்.

"உன்னையே மருமகளா கொண்டு வந்து வச்சிருக்கேன். இதுக்கா பயப்படப் போறேன்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இந்த வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

நாங்கள் மூன்று பேரும் முன்வாசல் அறையில் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர்கள் பாதி தூரம் போயிருப்பார்கள். பயத்துக்காக வைத்திருந்த புகை மெஷின் நிற்காமல் சிக்கிக்கொண்டது. முள்ளு சுவிட்சை அணைத்தான், பிளக்கைப் பிடுங்கினான். அதற்குள் கக்க வேண்டியதையெல்லாம் கக்கிவிட்டது. கேமராத் திரையில், வெள்ளைப் புகைக்கு முன்னால் மூன்று பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வருவது தெரிந்தது. மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நேராகக் கடைசிக் கதவுக்குத்தான் வந்தார்கள். மாமியார் தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார்.

"படிச்சிட்டாங்க அக்கா!" என்றான் முள்ளு.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் அவர்கள் கதவைத் திறக்கவில்லை. பலகையைப் பார்த்தபடி அப்படியே நின்றார்கள். பிறகு புகை திரையை மூடிவிட்டது.

என் வீட்டுக்காரர் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே ஓடினார். நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். கதவு ஒரு விரல் அளவு திறந்து, பட்டென்று மூடிக்கொண்டது. மறுபடி இழுத்தேன், மறுபடி மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து யாரோ இழுக்கிறார்கள்.

"அத்தை! விடுங்க அத்தை, நான்தான்!" கதவை அறைந்து கத்தினேன்.

"விட்டுடாதீங்கடி, அது வெளிய வந்திடும்! இழுங்க!" அது மாமியார் குரல். நடுவில் இருமலும் அந்த விசில் சத்தமும்.

நான் எவ்வளவு கத்துகிறேனோ அவ்வளவு பலமாக இழுத்தார்கள். இருட்டில் கதவை அறைந்து அலறுகிற பெண்குரலை யார்தான் நம்புவார்கள்? விசில் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. என்ன சொல்வது, எதைச் சொன்னால் நம்புவார்? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"மாத்திரையைத் தினமும் பூந்தொட்டியில துப்பறீங்கல்ல? இப்ப விடல, உங்க பிள்ளைகிட்ட போட்டுக் குடுத்துடுவேன்!"

உள்ளே இழுப்பு நின்றது.

"சொல்ல மாட்டேன்னு... சத்தியம் பண்ணினியேடி..."

கதவு திறந்தது. மூன்று பேரும் என் மேல் சரிந்தார்கள். மாமியாரின் உதடு நீலமாகியிருந்தது. அவர் மடியிலிருந்த இன்ஹேலரை எடுத்து வாயில் அடித்து, மார்பைத் தடவி, அவர் மூச்சு ஒரு வழிக்கு வருவதற்குள் என் உயிர் போய்த் திரும்பியது. அவர் மகன் புகையிலிருந்து தள்ளாடி வந்து அவர் காலடியில் உட்கார்ந்து விம்மினார்.

முள்ளு தூரத்திலேயே நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்தை... எழுத்து புரியலையா?"

மாமியார் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாப் புரிஞ்சுதுப்பா. வெளியே செல்லும் வழின்னு அழகாத்தான் எழுதியிருந்தே. அந்த எழுத்துல எழுதினா, அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கும்னு நினைக்கிறது? அதான் அது வந்திடாம இழுத்துப் பிடிச்சுக்கிட்டோம்."

இப்படி ஒரு பாராட்டுக்காகத்தான் அவன் இத்தனை வருஷமாக வரைந்துகொண்டிருந்தான். அது கிடைத்துவிட்டது. அவர் கையை விடாமல், தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான்.