மோதிரம் உடைந்த பூ

தென்னாப்பிரிக்காவின் கேப் மலைச்சரிவில் புரோட்டியாப் புதர்கள் படபடவென்று வெடித்து எரிந்துகொண்டிருந்தன. தென்கிழக்குக் காற்று வேறு நெருப்பை விரட்டி மேலே ஏற்றியது. டெசிரே மூச்சிரைக்க ஓடி, மலையில் மிஞ்சிய கடைசி 'எரிக்கா' பூச்செடியின் முன் மண்டியிட்டாள். பேரிலேயே எரியை வைத்துக்கொண்டிருக்கிற சனியன், இன்றைக்குத்தானா எரிய வேண்டும்!

ஆற்றுக்கு அக்கரையில், அவளுடைய நாற்றுப்பண்ணையில் இதே செடி வரிசை வரிசையாகப் பூத்து நிற்கிறது. நின்று என்ன? எல்லாம் ஒரே தாய்ச்செடியில் ஒடித்து நட்ட குச்சிகள். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத பிடிவாதக்கார இனம். ஒரு விதைகூடப் பிடித்ததில்லை. இந்த மலைச்செடி ஒன்றுதான் வேறு ரத்தம். இதன் குச்சியை நட்டால் அழுகிப்போகிறது. இதன் மகரந்தம் இன்றைக்குப் பண்ணைக்குப் போகாவிட்டால் குலமே அற்றுப்போகும். அதற்காகத்தான் நேற்று குருவி தொடாதபடி மொட்டுகளுக்குத் துணிப்பை கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

பைகளைக் காணோம்.

குழல் பூ ஒன்றைப் பிளந்து பார்த்தாள். யாரும் தொடாத பூவில் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி மோதிரமாக நிற்கும். தேன்சிட்டு அலகை நுழைத்தால் மோதிரம் உடைந்து, தூள் அதன் நெற்றியில் கொட்டிவிடும். உடைந்திருந்தது. அடுத்த பூவிலும் அதே கதி.

"அண்ணே! பைய யாரு கழட்டுனது?"

வண்டியை உறுமவிட்டுக் காத்திருந்த எல்ராய் தலையை வெளியே நீட்டினான். "நான்தான்டி... காலையில வந்தப்ப சிட்டு பாவம், பையில முட்டி முட்டி நின்னுச்சு. ஒரு வாய் குடிக்கட்டுமேன்னு..."

"பெரிய தர்மப்பிரபு! குடியக் கெடுத்துட்டியே!" அழுகையும் ஆத்திரமும் அவளுக்குச் சேர்ந்து வந்தன.

"அப்புறமாத் திட்டு. மொதல்ல ஏறு, கருகிடப் போறே!"

வண்டி ஆற்றைத் தாண்டும்போது தலைக்கு மேல் பச்சையாக ஒன்று விருட்டென்று பண்ணைப் பக்கம் பறந்தது. தேன்சிட்டு! மலையில் பூவெல்லாம் எரிகிறது. இனி அதற்குத் தேன் பண்ணையில்தான். ஆனால் பண்ணையைச் சுற்றி வலை. வேறு எரிக்கா இனங்களின் மகரந்தம் கலந்துவிடக் கூடாதென்று, ஒரு குருவியைக்கூட அண்டவிடாமல் இவளே கட்டிக் காத்த வலை.

"அண்ணே, வலையக் கிழி!"

"என்னது? நேத்து ஒரு தேனீ நுழைஞ்சதுக்கே என்னைத் தின்னுட்டியே!"

"கிழிங்கறேன்ல!"

இருவரும் கத்தியை வைத்து முழு நீளத்துக்கும் கிழித்தார்கள். சிட்டு வலைக் கம்பியில் வந்து உட்கார்ந்தது. நெற்றியில் வெள்ளைத் தூள். அலகைக் கம்பியில் இப்படியும் அப்படியும் தீட்டியது.

"நெத்தியத் தேய்ச்சிடாதடா ராசா," என்று டெசிரே முணுமுணுத்தாள்.

சிட்டு உள்ளே புகுந்தது. பூ மாற்றிப் பூ குடித்துவிட்டுப் பறந்தது. அவள் ஓடிப்போய் ஒரு பூவைப் பிளந்தாள்.

"ஒடைஞ்சிருச்சுண்ணே! மோதிரம் ஒடைஞ்சிருச்சு!" என்று கத்திக்கொண்டே அழுதாள்.

கோடை முடிவதற்குள் காய் பருத்து வெடித்தது. பொடிப்பொடியாக விதை. அதைக் கொண்டுபோய், மலையில் அந்தச் செடி எரிந்த கரிமண்ணிலேயே தூவினாள். புகை பட்ட மண்ணில்தான் அது முளைக்கும்.

அடுத்த பூப்பருவத்தில், பண்ணைச் செடிகளைக் காட்டி எல்ராய் கேட்டான்: "பை கட்டட்டுமா?"

"கட்டிப் பாரு, கைய ஒடிக்கிறேன்," என்றாள் டெசிரே.