சைட்காரில் ஏறும் ஆள்

பதுளை பசாரில் துணிக்கடை வைத்திருந்த இத்ரூஸ், 1924இல் சைட்கார் பூட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கொழும்பிலிருந்து இறக்கினார். லுணுகலைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் துணி கொண்டுபோகத்தான் என்று ஊரெல்லாம் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மனைவி ஸுபைராவும் அதில் போவதை மட்டும் வெளியே விடவில்லை. மூட்டைகளை மூடும் கித்தான் படங்கு ஒன்றைப் போர்த்திக்கொண்டால் பார்ப்பவர்களுக்கு அவளும் ஒரு துணிமூட்டைதான். ஊர் தாண்டியதும் படங்கை விலக்குவாள். முகத்தில் காற்று அடிக்கும்போது காரணமில்லாமல் சிரிப்பு வரும் அவளுக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை மழை ஈரத்தில் வண்டி சறுக்கிப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் சாய்ந்தது. கொழுந்துக் கூடையோடு வந்த ரெங்கம்மா என்ற தோட்டத்துப் பெண்தான் ஸுபைராவைத் தூக்கிவிட்டாள்.

"பயப்படாதீங்கம்மா. எலும்பு முறியல, மணிக்கட்டு பெசகியிருக்கு."

இத்ரூஸ் வண்டியை நிமிர்த்தி அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அடுத்த நாளே இன்சூரன்ஸ் ஏஜண்டுக்கு ஆளனுப்பினார்.

ஏஜண்டு வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். கடையில் உட்கார்ந்து காகிதங்களை விரித்தார். உள்ளே, திரைக்குப் பின்னால் நின்று ஸுபைரா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூண்டு விதம் இருக்கு. ஆரையும் இடிச்சுப்போட்டால் அவைக்குக் குடுக்கிறது ஒண்டு. அதோட வண்டி உடைஞ்சாலும், களவு போனாலும் குடுக்கிறது ரெண்டாவது. மூண்டாவதிலை சைட்காரிலை வாற ஆளும் சேரும். ஆனால் அந்த ஆளின்ரை பேர் எழுதவேணும்."

பக்கத்துக் கடை லத்தீப் சிரித்தார். "துணிமூட்டைக்குப் பேர் எதுக்கு? ரெண்டாவத எடுங்க நானா, போதும்."

இத்ரூஸ் ரெண்டாவதையே எடுத்துவிட்டால் நல்லது என்றுதான் ஸுபைராவுக்கும் பட்டது. பேரைச் சொன்னால் விடிவதற்குள் பசார் முழுக்கப் பேசும். வெள்ளிக்கிழமைப் பயணமும் அத்தோடு நின்றுவிடும்.



"மூணாவத எழுதுங்க" என்றார் இத்ரூஸ். "பேர் ஸுபைரா. என் பொஞ்சாதி."

லத்தீப்பின் சிரிப்பு நின்றது. "பொம்புளய ஏத்திக்கிட்டா போறீங்க?"

"ஆமா, வெள்ளிக்கிழம தோறும். போன கிழம கானுக்குள்ள விழுத்தியும் போட்டேன்."

வீரசிங்கம் பேனாவை மையில் தோய்த்தார்.

சாப்பிட உள்ளே வந்த இத்ரூஸுக்குச் சோறு போட்டபடி ஸுபைரா சொன்னாள்: "நீங்க ரெண்டாவத எடுத்திருந்தா நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். "கை வலிக்குதா இன்னும்?"

பசார் ஒரு மாதம் பேசியது. பிறகு ஒரு நாள் லத்தீப்பின் மனைவி பலீலா, வெற்றிலை கேட்பதுபோல வந்து உட்கார்ந்தாள். அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"அதுல போனா ரொம்பக் குலுக்குமா ராத்தா?"

"குலுக்கும்" என்றாள் ஸுபைரா. "வர்ற வெள்ளிக்கிழம நீங்க அதுல ஏறுங்க, நான் பின் சீட்டுல உக்காந்துக்கிறேன். ஏஜண்டுக்கிட்ட உங்க பேரையும் எழுதச் சொல்றேன்."