வெறுங்குழாய்க்கு வந்த வாழ்வு

ஆய்வகத்தில் அவளுக்குப் பெயர் சந்தேகம். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆராய்ச்சி மாணவிக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

அப்பேர்ப்பட்டவள் செய்த மஞ்சள் பொடி, லாந்தனம் கலந்த சீரியம் ஆக்சைடு, கார்ப் புகையின் நச்சுவாயுவை நூற்றைம்பது டிகிரியிலேயே எரித்துவிட்டது. வழக்கமாக அதற்குத் தேவைப்படும் பிளாட்டினம் துளிகூடச் சேர்க்காமல்! பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை.

"பிளாட்டினம் பணக்கார மாப்பிள்ளை மாதிரி. வந்து உக்காந்தாலே வீடு பரபரன்னு வேலை பாக்கும். ஆனா செலவு தாங்காது. நம்ம பொண்ணு மாப்பிள்ளையே இல்லாம குடும்பம் நடத்துறா!" என்று போகிற மேடையெல்லாம் முழங்கினார்.

நாளை கார் கம்பெனிக்காரர் நேரில் பார்க்க வருகிறார். அவர் தலையாட்டினால் அவளுக்கு அங்கே வேலை. அம்மா அதற்குள் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியாயிற்று.

எல்லாம் இவ்வளவு நன்றாக நடப்பதே அவளுக்கு இடித்தது. பொடியை வைத்துச் சோதிக்கும் குவார்ட்ஸ் குழாயை, பொடியே போடாமல், அதே நூற்றைம்பது டிகிரிக்குச் சூடாக்கி வாயுவை விட்டாள். திரையில் நச்சுவாயுவின் அளவைக் காட்டும் கோடு சரிந்தது. பாதி வாயுவை வெறுங்குழாயே எரித்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, இந்தக் குழாய் முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு?"

பிளாட்டினத்தைத் தண்ணீராய்ச் செலவழித்ததால் ஜமீன்தார் என்று பெயர் வாங்கிய சீனியர் நிமிர்ந்தார். "என்கிட்டதான். பிளாட்டினம் கரைசலை அதுக்குள்ளயே ஊத்திக் காய வெப்பேன். ஏன்?"

"நைட்ரிக் அமிலத்துல திரும்பத் திரும்பக் கழுவினேனே!"

"அதுக்கெல்லாம் கரைஞ்சா அது பிளாட்டினமா? பெருங்காய டப்பாவைக் கழுவினா வாசம் போயிடுமாக்கும்!"

அவள் பேராசிரியரிடம் ஓடினாள். அவர் கதவைச் சாத்தினார்.

"வெறுங்குழாயை ஓட்டச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலை சார்."

"சொல்லாததை ஏம்மா செய்யறே? நாளைக்குப் பழைய குழாயையே மாட்டு. ராசியான குழாய்."

மறுநாள் அவள் புதுக்குழாயை மாட்டினாள்.

நூற்றைம்பது டிகிரி. கோடு அசையவில்லை. இருநூறு. பேராசிரியர் வந்தவருக்கு வலியப் போய் ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தைக் காட்டினார். முந்நூற்றைம்பதைத் தாண்டிய பிறகுதான் கோடு மெல்லச் சரிந்தது.

"இது சூடாகறதுக்குள்ள வண்டி வீட்டுக்கே போயிடுமே" என்றார் கம்பெனிக்காரர்.

அவள் பழைய குழாய், அமிலம், காய்ந்த கரைசல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டாள். வேலை போயிற்று என்று தெரிந்தே சொன்னாள்.

கம்பெனிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கண்ணுக்கே தெரியாத கறையும் உங்க பொடியும் சேர்ந்தா இவ்வளவு வேலை பாக்குதா? அதானே எங்களுக்கு வேணும்! அந்தப் பழைய குழாயைக் குடுங்க. எங்க ஆளுங்க ஆராயட்டும்."

"ஆரம்பத்துலேர்ந்து நான் அதைத்தான் சொல்றேன்" என்றார் பேராசிரியர், கண்ணைக்கூட இமைக்காமல். "மாப்பிள்ளை இல்லாம குடும்பம் நடக்குமா?"

பஞ்சு சுற்றி, பெட்டியில் படுக்கவைத்து, குழாயைக் கம்பெனிக் காரின் பின்சீட்டில் ஏற்றினார்கள். ஜமீன்தார் கையசைத்து வழியனுப்பினார்.

அம்மா போனில் கூப்பிட்டாள். "என்னடி, வேலை கெடச்சுதா?"

"கெடச்சுதும்மா. குழாய்க்கு."