சாக்கு கட்டிய ஐந்து கதவுகள்

மூன்றாவது சாட்சியும் உடைந்த அன்று நான் பதினொன்றாவது கடிதத்தை எழுதினேன்.

சாட்சி என்றால் ஆள் இல்லை. சுவரில் விரிசல் விட்டால் அதன் குறுக்கே ஜிப்சத்தைக் குழைத்து ஒரு பட்டை பூசி, மேலே தேதியை எழுதி வைப்போம். விரிசல் சும்மா இருந்தால் பட்டை அப்படியே இருக்கும். நகர்ந்தால் உடையும். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கிற எங்கள் ஆட்கள் அதைச் சாட்சி என்றுதான் சொல்வார்கள். ஷிராஸில், மிர்சா ஹெம்மத் பள்ளிவாசலின் குளிர்காலத் தொழுகைக் கூடத்தில், நான்காவது தூணுக்கு மேலே வளைவு தொடங்கும் இடத்தில் நான் பூசிய மூன்றும் உடைந்துவிட்டன.

மிர்சா ஹெம்மத் பன்னீர் வியாபாரி. சுவரில் பதிக்கும் ஓடுகளில் நீலமும் மஞ்சளும் ஆண்டுகொண்டிருந்த ஊரில், தன் பள்ளிவாசல் முழுக்க இளஞ்சிவப்பு ரோஜா பூக்க வேண்டும் என்று பதினோரு வருடம் கட்டினார். கட்டிய கொத்தனார் அவரைவிடப் புத்திசாலி. பூமி அதிர்ந்தால் செங்கல் மட்டும் தாங்காது என்று ஒவ்வொரு வளைவின் அடியிலும் செங்கல் வரிசைகளுக்கு நடுவே மரத்துண்டுகளைப் படுக்க வைத்தார். ஆட்டம் வந்தால் மரம் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். நூற்று முப்பது வருடமாக அப்படித்தான் நிற்கிறது.

ஆனால் வருகிறவர்களுக்கு வேண்டியது மரமும் இல்லை, கொத்தனாரும் இல்லை. முற்றத்தைப் பார்த்த ஐந்து வண்ணக் கண்ணாடிக் கதவுகள் வழியாகக் காலையில் வெயில் விழும்போது கம்பளம் முழுக்கச் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகக் கிடக்கும். அதன்மேல் படுத்துப் படமெடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"மல்லாந்து படுத்து மேலதான் பாக்குறாங்க, இன்ஜினியரம்மா," என்பார் மஷ்தி ஸஃபர். பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்கிறவர். "இவ்ளோ பெரிய விரிசல் ஒருத்தர் கண்ணுலயும் படல. கலர் கண்ண மறைச்சிடுது."

கூடத்தை மூடி வளைவுக்கு முட்டுக் கொடுக்க எனக்கு ஒரு கையெழுத்து வேண்டும். அது எங்கள் மேலதிகாரி ஜஹான்பீனுடையது. அவருக்கு எழுதிய பதினொரு கடிதத்துக்கும் பதில் வராததால் ஃபோன் செய்தேன்.

"மேடம், குளிர்காலந்தானே சீசன். வெயில் இப்பதான் சாஞ்சு உள்ள வரும். இப்பப் போயி மூடச் சொல்றீங்களே."

"அப்ப எப்ப மூடலாம் சார்?"

"வசந்தத்துல நவ்ரூஸ் புத்தாண்டு முடியட்டும்."

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க."

"போன வருஷம் போச்சா இல்லையா? கட்டடம் நிக்குதா இல்லையா?"

ஃபோனைப் பட்டென்று வைத்தேன். கோபம்தான். கட்டடம் விழுந்தால்தான் நான் சொன்னது சரி என்று ஆகும். விழாதவரை நான் நச்சரிக்கிற பெண்பிள்ளை.

அன்று முற்றத்தில் மஷ்தி தேநீர் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டே சொன்னேன்: "மஷ்தி, கோதுமைச் சாக்கு எத்தன இருக்கும் உங்ககிட்ட?"

"எதுக்கு?"

"கதவுல கட்ட."

அவர் என்னைப் பார்த்தார். கதவுகளைப் பார்த்தார். "கூடத்த மூடத்தானே உத்தரவு வேணும்? சாக்கு கட்டவும் வேணுமா?"

"அதப் பத்தி எந்த விதியிலயும் இல்ல."

மறுநாள் அதிகாலைத் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்ததும் ஐந்து கதவுகளிலும் வெளிப்பக்கமாகச் சாக்கைத் தைத்துக் கட்டினோம். நான்காவது தூணைச் சுற்றிக் கயிறும் கட்டினேன். எட்டரைக்குத் தெஹ்ரானிலிருந்து ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு ஒரு போட்டோகிராபர் வந்தான். உள்ளே நுழைந்தவன் இருட்டில் நின்றுவிட்டான்.

"வெளிச்சம் எங்கங்க?"

"வெளியில இருக்கு," என்றார் மஷ்தி.

"பன்னெண்டு மணி நேரம் பஸ்ல வந்திருக்கோம் பெரியவரே. வெளையாடுறீங்களா?"

"தொழ வந்தீங்கன்னா இந்த வெளிச்சம் போதுமே, தம்பி."

அவன் யாருக்கெல்லாமோ ஃபோன் செய்தான். அவன் மச்சான் ஏதோ அலுவலகத்தில் பெரிய ஆள் போலிருக்கிறது. பத்தரை மணிக்கு ஜஹான்பீன் நேரில் வந்து நின்றார். பதினொரு கடிதத்துக்கு வராத மனிதர்.

"அவுத்து விடுங்க," என்றார், ஷூவைக் கழற்றும்போதே.

"அவுக்குறேன். ஒரு நிமிஷம் இப்படி வாங்க."

கயிற்றுக்கு இந்தப்புறமே அவரை நிறுத்தி டார்ச்சை மேலே அடித்தேன். நிறங்கள் இல்லாத கூடத்தில் விரிசல் மட்டும் தெரிந்தது. தூணின் தலையில் தொடங்கி, ரோஜாக்களைக் கிழித்துக்கொண்டு, வளைவின் உச்சி வரை போயிருந்தது. என் மூன்று பட்டைகளும் நடுவில் பிளந்து, தேதிகள் இரண்டு துண்டாகத் தொங்கின.

அவர் அண்ணாந்து பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்."

டார்ச்சை அணைத்தேன். மஷ்தி இருமினார்.

மூன்றாம் நாள் கூடம் மூடப்பட்டது. வாசலில் ஒரு பலகை: "ஜஹான்பீன் அவர்களின் துரித நடவடிக்கையால்..." அதே வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அனுமதியின்றிக் கதவுகளை மறைத்ததற்கு விளக்கம் கேட்டு. எழுதிக் கொடுத்தேன். என் பணிக் கோப்பில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது.

முட்டுக் கொடுத்து, ஓடுகளுக்கு எண் போட்டுக் கழற்றி, உள்ளே பார்த்தோம். மரத்துண்டு இருக்க வேண்டிய இடத்தில் விரலை விட்டேன். காப்பித்தூள் போல உதிர்ந்தது. அதைச் சுற்றிலும் சிமெண்ட். எனக்கு முன்னால், ஐம்பது வருடம் இருக்கும், யாரோ ஒருவன் இதே விரிசலைப் பார்த்திருக்கிறான். சிமெண்டை அப்பி, மேலே ஓடுகளை மறுபடி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஈரம் வெளியேற வழியில்லாமல் மரம் உள்ளேயே மக்கியிருக்கிறது. மூன்று நிலநடுக்கத்தைத் தாங்கிய வேலை, ஒருவனுடைய ஒரு மதிய வேலையால் கெட்டது. அவன் என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. சாரத்தில் உட்கார்ந்து அழுதேன். மஷ்தி கீழே இருந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பக்கத்து வளைவுகளிலும் அதே சிமெண்ட். விரிசல் விட்டதையும் சேர்த்து மூன்று வளைவுகளுக்குப் புது மரம் வைத்து, சுண்ணாம்பும் ஜிப்சமும் கலந்த பழைய சாந்தாலேயே பூசி முடித்தோம். நான்காவது வளைவைத் தொடும்போது மாற்றல் உத்தரவு வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பழைய குளியல்கூடத்தை அளந்து வரைய வேண்டுமாம். என் இடத்தில் புதிதாக ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். வேலையைச் சீக்கிரம் முடிப்பவர் என்று பெயராம்.

வாரம் ஒருமுறை மஷ்திக்கு ஃபோன் செய்கிறேன்.

"சிமெண்ட் மூட்டை ஏதும் வந்துச்சா மஷ்தி?"

"இன்னிக்கு வரைக்கும் வரல."

"வந்தா?"

"வந்தா வாசல்ல நான் நிப்பேன்ல," என்கிறார். அவருக்கு எழுபத்தொரு வயது. முட்டி வலி.