ஒட்டாத நோய்

"கேன்சர் செல்லுக்குச் சாப்பாடு போடறதுக்கா இந்தக் கலவரத்துல கிளம்பறே வைதேஹி? செத்தா நல்லதுதானே!" என்றார் என் கணவர் ராமசுப்ரமணியன்.

"மூணு நாளாச்சு. இன்னிக்கும் போகலேன்னா நாலு மாச உழைப்பு போச்சு, தெரியுமோல்லியோ?"

எண்பத்து நான்கு, நவம்பர். பிரதமர் தன் சீக்கியக் காவலர்களால் சுடப்பட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. பஸ் இல்லை. தில்லி லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நடந்தேன். வழியில் ஒரு டாக்ஸி எரிந்துகொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் கிடந்ததை டயர் என்றே நினைத்துக்கொள்ள முடிவு செய்தேன்.

ஆய்வுக்கூடத்தில் ஹர்பஜன் சிங் மட்டும் இருந்தார். எங்கள் கண்ணாடிப் புட்டிகளைக் கழுவித் தருபவர். இரண்டு நாளாக வீட்டுக்குப் போகாமல் அங்கேயே ஒளிந்திருந்தார்.

"தீதி, கேட்டை உடைக்கிறார்கள்" என்றார் இந்தியில்.

அவரைக் குளிர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். இன்குபேட்டரிலிருந்து செல்கள் வளரும் புட்டியை எடுத்துக்கொண்டேன். எங்கோ, யாரோ ஒருவரின் ஈரலில் வந்த புற்று. அவர் இறந்த பிறகும் அது மட்டும் பெருகிக்கொண்டேயிருந்தது.

நான்கு பேர் நுழைந்தார்கள். இரும்புக் கம்பிகள், ஒரு மண்ணெண்ணெய் டின்.

"சர்தார் எங்கே?"

"யாருமில்லை. இது கேன்சர். கிட்டே வந்தால் ஒட்டிக்கொள்ளும்." எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிப் புட்டியை நீட்டினேன்.

மூன்று பேர் பின்வாங்கினார்கள். நான்காமவன் சிரித்தான்.

"எங்கப்பா கேன்சரில்தான் போனார். நான்தான் தினம் குளிப்பாட்டினேன். எனக்கு ஒட்டவில்லையே, மதராஸி பஹன்ஜி?"

அந்த அறையில் உண்மை பேசியவன் அவன்தான். என்னைப் பிடித்துத் தள்ளினான். மேஜை விளிம்பில் நெற்றி மோதியது. அவன் கை குளிர் அறைக் கதவின் பிடியைத் தொட்டது.

புட்டியை அவன் முகத்தில் ஓங்கி அடித்தேன். கண்ணாடி கன்னத்தைக் கிழித்தது. ஓர் அடியே போதுமாக இருந்திருக்கும். புட்டியின் உடைந்த கழுத்தால் மறுபடியும் குத்தினேன். செல்களுக்கான இளஞ்சிவப்புத் திரவம் ரத்தத்தோடு அவன் சட்டைக்குள் இறங்கியது.

"இப்போது ரத்தத்தில் கலந்துவிட்டது. ஈரலுக்குப் போகும். ஆறு மாதம்" என்றேன்.

தகப்பனின் கடைசி மாதங்கள் அவன் கண்ணில் வந்திருக்க வேண்டும். கன்னத்தைப் பிறாண்டிக்கொண்டே அலறி ஓடினான். மற்றவர்கள் அவன்மேல் பட்டுவிடாமல் விலகி ஓடினார்கள்.

ஹர்பஜன் வெளியே வந்தார். குளிரில் பற்கள் அடித்துக்கொண்டன. அவருடைய மைத்துனரை உயிரோடு கொளுத்திய செய்தி அன்று காலைதான் அவருக்குப் போனில் வந்திருந்தது. தரையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நிஜமாகவே செத்துவிடுவானா, தீதி?"

"இல்லை. அடுத்தவர் செல்லை உடம்பு ஏற்காது. சில நாளில் அழித்துவிடும்."

"நல்லவேளை" என்று மூச்சு விட்டார் அவர்.

எனக்கு அந்த மூச்சு வரவில்லை. அவன் உடம்பு ஒரே ஒரு முறை ஏமாந்துவிடாதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.