யானெக்காவின் நட்சத்திரம்

லண்டன் மோர்டனில் நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்குக்கூடக் கமலாம்பிகையைத் தெரியாது. பேஸ்புக்கிலோ பதினெட்டாயிரம் பேர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யானெக்கா என்ற ஒல்லாந்துக்காரி இரண்டு நாளில் ஏழு போட்டி செய்கிறவள். ஓடுவாள், தாண்டுவாள், குண்டும் ஈட்டியும் எறிவாள். அவளுக்கு ரசிகர் பக்கம் தொடங்கி, ஒல்லாந்தில் பதினொரு வருடம் இருந்து பழகிய டச்சில் எழுதித் தள்ளியது கமலாம்பிகைதான். தன் படத்தைப் போடாததால், பக்கத்தை நடத்துவது யாரோ பொன்னிற முடிக்கார இளைஞன் என்று எல்லோரும் தாங்களே முடிவு கட்டியிருந்தார்கள். இரண்டு பெண்கள் காதல் கடிதம்கூட எழுதினார்கள். அவர் மறுக்கப் போகவில்லை.

2009 ஓகஸ்டில், பெரிய போட்டிக்கு நாலு நாள் இருக்க, யானெக்காவுக்குக் கணுக்கால் சுளுக்கிவிட்டது. கமலாம்பிகைக்குச் சோறு இறங்கவில்லை. வெஸ்ட் ஈலிங் கோயில் அம்மனுக்கு அவள் பெயரில் ஓர் அர்ச்சனை செய்தால் சரி. அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டும். நட்சத்திரத்துக்குப் பிறந்த நேரம் வேண்டும். யோசிக்காமல் பக்கத்தில் எழுதினார்: 'யானெக்கா, பிறந்த திகதி, சரியான நேரம், ஊர் மூன்றையும் உடனே அனுப்பு. அவசரம்.'

மத்தியானம் மகள் கோசிகா கணினியைத் திறந்தவள் தலையில் கை வைத்தாள்.

"அம்மா, உங்களைக் கள்ளன் எண்டு எழுதுறாங்கள். மூவாயிரம் பேர் போயிட்டினம்."

"நான் என்னடி களவெடுத்தனான்?"

"இந்த விபரத்தை வச்சுத்தானே பாங்கில கள்ள லோன் எடுக்கிறவை. நீங்கள் ஆரெண்டு உண்மையைச் சொல்லுங்கோ."

 லண்டனில் கமலாம்பிகையிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அந்தப் பக்கத்தில்தான் உலகமே அவரிடம் கேட்டது. ஐம்பத்தொரு வயது மனுசி என்று தெரிந்தால் மிச்சப் பேரும் ஓடிவிடுவார்கள். ஆனாலும் கள்ளன் என்ற பெயரோடு இருப்பதைவிட அது மேல். சேலை உடுத்து, பொட்டு வைத்து, குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்பித்துப் போட்டார். கீழே அர்ச்சனை என்றால் என்ன என்று நாலு வரி எழுதினார்.

பத்து நிமிடம் பக்கத்தையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். பிறகு ஒரு போலந்துக்காரன், 'எனக்கு முழங்கால் நோ. நான் காலை ஆறு பத்துக்குப் பிறந்தவன்' என்று திகதி, ஊரோடு எழுதினான். அவனுக்குப் பின்னால் பிரேசில், பின்லாந்து, கென்யா என்று வரிசை நீண்டது. காதல் கடிதம் எழுதிய பெண் ஒருத்தி, தனக்கு எப்போது கலியாணம் நடக்கும் என்று கேட்டாள். போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள், புதிதாக ஐயாயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு. சாயந்தரம் யானெக்காவே எழுதினாள்: 'என் அம்மா சொல்கிறார், வியாழக்கிழமை விடிய நாலு மணி ஐந்து நிமிடத்துக்காம். என்னோடு போட்டி போடுகிற பெல்ஜியக்காரிக்கும் முதுகு நோ. அவளுடைய நேரத்தையும் கேட்டு அனுப்பட்டுமா?'

கமலாம்பிகை கோசிகாவைக் கட்டிப்பிடித்துக் குசினியில் சுற்றினார். பிறகு இரண்டு பேரும் பழைய பஞ்சாங்கங்களை விரித்து, சாப்பாட்டையும் மறந்து கணக்குப் பார்த்தார்கள்.

மறுநாள் கோயிலில் ஐயர் பட்டியலை வாங்கினார். ஏழு பக்கம். முன்னூற்றுப் பன்னிரண்டு பெயர். ஒன்றுகூட அவர் வாய்க்குள் நுழையாது.

"இவை எல்லாரும் ஆரம்மா?" என்று கேட்டார்.

"எங்கட ஆக்கள்தான் ஐயா," என்றார் கமலாம்பிகை. "ஆறுதலா, அவசரமில்லாமல் வாசியுங்கோ. நான் நிக்கிறன்."