கருணை மதிப்பெண்

இறையியல் கல்லூரியில் அவருக்கு முட்டை வாத்தியார் என்று பெயர். விடைத்தாளில் பூஜ்யம் போடுவதில் அவருக்கு இருந்த தாராள மனசு வேறு எதிலும் இருந்ததில்லை. அவர் நடத்திய பாடம் ‘நியாயமான போர்’. ஒரு கிறிஸ்தவன் எந்தப் போரை ஆதரிக்கலாம், எதை ஆதரிக்கக் கூடாது என்று திருச்சபைப் பெரியவர்கள் காலங்காலமாக யோசித்து வைத்த நிபந்தனைகள்தான் பாடம். காரணம் நியாயமாக இருக்க வேண்டும். உரிமையுள்ள அரசு அறிவிக்க வேண்டும். உள்நோக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். வேறு வழியெல்லாம் அடைபட்டிருக்க வேண்டும். ஜெயிக்க வாய்ப்பு இருக்க வேண்டும். அழிவு பலனை மிஞ்சக் கூடாது. ஆயுதமில்லாதவர்கள்மேல் கை வைக்கக் கூடாது. இதில் ஒன்று இடித்தாலும் போர் தேறாது. சரித்திரத்தில் நடந்த போர்களையெல்லாம் இந்தச் சல்லடையில் போட்டுச் சலித்து அவர் ஒரு புத்தகமே எழுதியிருந்தார். ஒரு போரும் தேறவில்லை. புத்தகமும் விற்கவில்லை.

அப்படி இருக்கையில் சொந்த நாட்டுக்கே ஒரு போர் வந்தது. எல்லையில் ஓடும் ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு. மழைக்காலத்தில் அது தண்ணீருக்குள் போய்விடும், கோடையில் தலை காட்டும். அந்தக் கோடையில் அது தலை காட்டியபோது அதன்மேல் அக்கரை நாட்டின் கொடி நட்டிருந்தது.

பேராயர் வாத்தியாரைக் கூப்பிட்டனுப்பினார். கூடவே சபைக் கமிட்டியில் இருந்த ஓய்வுபெற்ற கர்னலும் உட்கார்ந்திருந்தார். இந்தப் போர் நியாயமானது என்று சபை ஒரு அறிக்கை விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எல்லா ஆலயங்களிலும் அதை வாசிக்க வேண்டும் என்று அரசாங்கம் ஆசைப்படுவதாகப் பேராயர் சொன்னார். ஏசி ஒழுகி ஒரு வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. வாத்தியார் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

வேறு வழியெல்லாம் பார்த்தாயிற்றா என்று கேட்டதற்கு, இரண்டு முறை போன் செய்ததாகவும் அந்தப் பக்கம் எடுக்கவில்லை என்றும் கர்னல் சொன்னார். அழிவு பலனை மிஞ்சாதா, திட்டுதான் மழையில் முங்கிவிடுமே என்றதற்கு, மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றார். ஆயுதமில்லாதவர்கள் விஷயத்தில் அவர் முகம் மலர்ந்தே போயிற்று. திட்டில் ஆமைகளைத் தவிர யாரும் இல்லை, அதற்கு முழு மதிப்பெண் போடலாம் என்றார். தேர்தல் நெருங்குகிற நேரத்தில் உள்நோக்கம் எப்படிச் சுத்தமாக இருக்கும் என்று வாத்தியார் கேட்டபோது பேராயர் கண்ணை மூடிக்கொண்டார்.

“உள்நோக்கம் கர்த்தருக்குத்தான் தெரியும். அதுக்குத் தீர்ப்பு சொல்ல நாம யாரு?” என்றார்.

வாத்தியார் இல்லையென்று தலையை ஆட்டினார். போர் தேறவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்தார். பேராயர் கோபப்படவில்லை. ஒன்றிரண்டு மார்க்கில் பெயிலாகிற பையனுக்குக் கருணை மதிப்பெண் போட்டுத் தூக்கிவிடுவதில்லையா, தாய்நாட்டுக்கு அதைச் செய்யக் கூடாதா என்று நயமாகக் கேட்டார். வாத்தியார் மசியவில்லை.

மசிய வைத்தது அன்று சாயங்காலம் வந்த ஒரு போன். பேசியவர் பாதுகாப்பு மந்திரி. வாத்தியாரின் புத்தகத்தைப் படித்திருப்பதாகவும், நாட்டின் மனசாட்சி அவர் கையில் இருப்பதாகவும் மந்திரி சொன்னார். புத்தகத்தைப் படித்திருப்பதாக அதுவரை அவரிடம் யாரும் சொன்னதில்லை. வாத்தியார் ராத்திரி சாப்பிடாமல்கூட உட்கார்ந்து அறிக்கையை எழுதி முடித்தார். ‘குறைகள் இருப்பினும், மொத்தத்தில் நியாயமான போர்.’

அவருடைய மனைவி வக்கீல். நீதிமன்றத்தில் செய்கிற குறுக்கு விசாரணையை வீட்டிலும் நிறுத்த மாட்டார்.

“புத்தகத்துல எந்த அத்தியாயம் பிடிச்சதுன்னு மந்திரி சொன்னாரா?”

“முழுசாப் பிடிச்சதாம்.”

“அப்ப படிக்கலை,” என்று சொல்லிவிட்டு அவர் விளக்கை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கை வாசிக்கப்பட்டது. ஆலய வாசலில் கர்னல் மேசை போட்டு உட்கார்ந்தார். ஆராதனை முடிந்து வந்த வாலிபர்கள் படையில் சேரப் பெயர் கொடுத்தார்கள். வாத்தியாரோடு கைகுலுக்க வரிசை நின்றது. அவருக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அடுத்த வாரம் அக்கரைத் திருச்சபையும் ஒரு அறிக்கை விட்டது. அவர்கள் பக்கத்துப் போரும் நியாயமானதாம். நிபந்தனைகள் அதேதான், வரிசைகூட மாறவில்லை. எழுதியவர் வாத்தியாரின் பழைய மாணவர். வெளிநாட்டுத் தொலைக்காட்சி ஒன்றுக்கு இது அல்வா மாதிரி. இருவரையும் நேரலையில் எதிரெதிராக உட்கார வைத்தது.

முதல் பாதியில் இருவரும் வெளுத்து வாங்கினார்கள். வாத்தியார் ஒரு நிபந்தனையைச் சொன்னால் மாணவர் அதையே மரியாதையாகத் திருப்பிப் போட்டார். இரண்டு பக்கமும் நியாயமாக இருக்க முடியுமா என்று நிகழ்ச்சி நடத்திய பெண் கேட்டார். முடியாது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வாத்தியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “நீங்க என் பேப்பர்லயே பெயிலானவர்தானே?” என்று கேட்டுவிட்டார்.

மாணவர் சிரிக்கவில்லை. “ஆமாங்க ஐயா. சத்துருவை நேசின்னு சொன்னவரை நம்புறவன் எந்தப் போரையும் தேற வைக்க முடியாதுன்னு எழுதினேன். முட்டை போட்டீங்க. ‘தேறவே தேறாதுன்னா அளவுகோல் எதுக்கு’ன்னு சிவப்பு மசியில கேட்டிருந்தீங்க. மறு தேர்வுல ஒரு போரைத் தேற வச்சுக் காட்டினேன், பாஸ் போட்டீங்க. அதுக்கப்புறம் அது எனக்குக் கைவந்த கலையாயிடுச்சு.”

அரங்கத்தின் விளக்குச் சூட்டில் வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டியது. தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

“என் பக்கத்துப் போர் தேறலை,” என்றார். “நான் தப்பா மார்க் போட்டுட்டேன். உங்களதையும் இன்னொரு தடவை திருத்திப் பாருங்க.”

மாணவர் வாயைத் திறந்தார். அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. சலவைப் பவுடர் விளம்பரம்.

மறுநாள் பேராயர் அவரை எல்லாக் கமிட்டிகளிலிருந்தும் விடுவித்து, ஓய்வெடுத்துக்கொள்ளும்படி அன்போடு கேட்டுக்கொண்டார். பாடம் கர்னல் கைக்குப் போயிற்று. கர்னல் வகுப்பில் எல்லோரும் தேறினார்கள், எல்லாப் போர்களும் தேறின. மந்திரி மறுபடி போன் செய்யவில்லை.

மழை அந்த ஆண்டு முன்னதாகவே வந்தது. திட்டு கொடியோடு முங்கியது. இரண்டு அரசுகளும் வெற்றி என்று அறிவித்தன, இரண்டு கரையிலும் ஸ்தோத்திர ஆராதனை நடந்தது. ஜெயிக்க வாய்ப்பிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இரு தரப்பிலும் நிறைவேறியதாகக் கர்னல் வகுப்பில் குறிப்பிட்டாராம்.

போருக்குப் போய்த் திரும்பி வராதவர்களில் ஒருவன், ஆலயப் பாடகர் குழுவுக்கு அங்கி தைக்கும் அம்மாவின் மகன். மழை விட்ட ஒரு மத்தியானம் வாத்தியார் அந்தத் தையல் கடைக்குப் போனார். வாசலிலேயே நின்றார். அந்த அம்மா மிஷினை நிறுத்தவில்லை.

“பேராயர் வந்தார், உன் மகன் நியாயத்துக்காகப் போனான்னார். கர்னலும் அதையே சொன்னார். நீங்க சொல்லுங்க. நியாயமா?”

“இல்லம்மா.”

மிஷின் நின்றது. அந்த அம்மா துணியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “டி.வி.ல சொன்னதக் கேட்டேன். நீங்க எழுதினத வாசிச்ச அன்னிக்கேதான் அவன் பேர் குடுத்தான். இத அப்பவே சொல்லியிருக்கலாம்.”

அந்த அம்மா ஸ்டூலில் குவிந்திருந்த துணிகளை ஒதுக்கி இடம் செய்தார். வாத்தியார் உட்கார்ந்தார். வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா கேட்டார்.

“அக்கரையில பேசினாரே, உங்க மாணவர். அவர்கிட்டயும் யாராவது ஒரு அம்மா போய்க் கேப்பாளா?”

“கேப்பாங்க.”

“அவர் என்ன சொல்லுவார்?”

தெரியாது என்றார் வாத்தியார். அப்படி ஒரு பதில் அவர் வாயிலிருந்து வந்து வகுப்பில் யாரும் கேட்டதில்லை.